சிப் என்றால் எல்லாம் ஒரே சிப்பா?

கல்முனையில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். போன தவணைச் சோதனையில் ரொம் (ROM, வாசிப்பதற்கு மட்டுமான) வகை நினைவகங்கள் நான்கின் பெயரைக் கேட்டிருந்தேன். புரொம், ஈபுரொம், ஈஈபுரொம் என்று மூன்றையும் சரியாக எழுதிய ஒரு பையன், நாலாவதாக ‘ஜீன் சிப்’ என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் ஒரு கீறு. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது ஆள் விடவில்லை.

“சேர், கனடாவில இருக்கிற என்ட மாமி துப்பலைக் குப்பியில அடைச்சு டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினவ. அதைச் சிப்பில போட்டுத்தான் பாத்ததாம். அதில ஒண்டையும் மாத்தி எழுத ஏலா, வாசிக்க மட்டுந்தான் ஏலும். அப்ப அது ரொம்தானே?”

ஊரில் இந்தச் சிப்பைப் பற்றி வேறு கதைகளும் உண்டு. நம்முடைய ஜீன் முழுக்க அதற்குள் பதிந்திருக்கும் என்பார் ஒருவர். தடுப்பூசியோடு உடம்புக்குள் ஏற்றினது அதே சிப்தான் என்று தேநீர்க்கடையில் சத்தியம் பண்ணுவார் இன்னொருவர். அவற்றோடு பார்த்தால் பையன் எழுதியது உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. எவ்வளவு கிட்ட என்று அவனுக்குச் சொல்லப் போனது நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டி போல ஒரு சொல்

சிப் என்றால் சில்லு, சிறு துண்டு. சிலிக்கனாலோ குவார்ட்ஸ் கண்ணாடியாலோ ஆன மெல்லிய தட்டு ஒன்றில், ஒளியின் உதவியால் மிக நுண்ணிய அமைப்புகளை வரிசை வரிசையாக உருவாக்கி, பிறகு தட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் கிடைப்பது. அந்தத் துண்டு என்ன வேலை செய்யும் என்பதை இந்தச் சொல் சொல்லாது. தீப்பெட்டியும் பெட்டி, நகைப்பெட்டியும் பெட்டி, பிரேதப் பெட்டியும் பெட்டிதானே.

போனுக்குள் இருக்கும் மெமரி சிப்பில் மின்சாரம் ஓடும். ஜீன் சிப் எனப்படும் டி.என்.ஏ. சிப்பில், பெரும்பாலான வகைகளில், மின்சாரத்துக்கு வேலையே இல்லை. அது இரசாயனம் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. உடம்புக்குள் போட்டாலும் அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு, அதை மருதமுனையில் தறி பார்த்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம்.

தறியில் ஒரு முகவரி

சாரம் நெய்யும் தறியில் பாவு நூல் நீளத்துக்கு ஓடும், ஊடை நூல் குறுக்கே போகும். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி கொடுக்கலாம்: 40ஆவது பாவு, 112ஆவது ஊடை. அந்தப் புள்ளியில் சிவப்பு மேலே வருகிறதா, வெள்ளை மேலே வருகிறதா என்பது எங்காவது எழுதி வைத்திருந்தால் முழுச் சாரத்தையும் திரும்ப நெய்யலாம்.

மெமரி சிப்பும் டி.என்.ஏ. சிப்பும் இந்தக் கட்டம் போட்ட துணி மாதிரித்தான். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டிலும் முகவரியை வைத்துத்தான் தெரியும். வித்தியாசம் அந்தப் புள்ளியில் என்ன வைத்திருக்கிறோம் என்பதில்.

முதலில் பியூஸ் கம்பி

ரொம் என்பது மின்சாரம் போனாலும் உள்ளே எழுதியது அழியாத நினைவகம். ஆரம்ப ரொம்களில் எழுத வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுவார்கள். பிழை வந்தால் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

1956இல் அமெரிக்காவில் வென் சிங் சௌ என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருக்கு முன்னால் இருந்தது அட்லஸ் ஏவுகணை. அது எங்கே போய் விழ வேண்டும் என்ற எண்களை இன்னும் இலகுவாகவும் பாதுகாப்பாகவும் பதிந்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று விமானப்படை கேட்டது. அவர் செய்தது நம் வீட்டுப் பழைய பியூஸ் கட்டை மாதிரியான வேலை. ஒவ்வொரு சந்திப் புள்ளியிலும் ஒரு மெல்லிய இணைப்பு. கூடுதல் மின்னைப் பாய்ச்சினால் அது எரிந்து அறுந்துபோகும். அறுந்த இடம் ஒரு குறி, அறாத இடம் மற்றக் குறி. தொழிற்சாலைக்கு வெளியே, வாங்கினவரே எழுதிக்கொள்ளும் இந்த ரொம்தான் புரொம். சிப்பில் புரோகிராமை ‘பேர்ன் பண்ணுறது’ என்று இன்றும் சொல்வது இந்த எரிப்பில் இருந்துதான்.

எரிந்த பியூஸ் கம்பி திரும்ப ஒட்டாது. ஒருமுறை எழுதினால் எழுதினதுதான்.

மறுகா ஒரு தீவு

அழித்து எழுதக்கூடிய ரொம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். பரீட்சைக்காக ‘புறஊதாக் கதிரால் அழிக்கலாம்’ என்று ஒரு வரியைப் பாடமாக்கிவிட்டு எல்லோரும் கடந்துபோகும் இடமும் இதுதான்.

குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூருக்குப் போனவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ரோட்டு மட்டுமல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர்.) வாவிக்கு நடுவில் ஒரு சிறு தீவு இருப்பதாக நினையுங்கள். பாலம் இல்லை, நீந்திப் போகவும் முடியாது. பாதை ஓடினால் ஆட்கள் போய் இறங்குவார்கள். பாதை நின்றுவிட்டால் தீவில் நிற்பவர்கள் நின்றவர்கள்தான்.

மெமரி சிப்பின் ஒவ்வொரு சந்தியிலும் அப்படி ஒரு தீவு இருக்கிறது. பெயர் மிதக்கும் வாயில்: நாலா பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட மிகச் சிறிய கடத்தித் துண்டு. சூழ இருப்பது தண்ணீர் அல்ல, கண்ணாடி இனத்தைச் சேர்ந்த சிலிக்கன் ஒக்சைட்டு. ஆட்கள் என்று சொன்னது இலத்திரன்களை. சாதாரண வோல்ற்றளவில் ஒரு இலத்திரனும் தீவுக்குப் போகாது. வோல்ற்றளவை நன்றாகக் கூட்டினால் வேகம் பிடித்த இலத்திரன்கள் ஒக்சைட்டைத் தாண்டிப் போய் ஏறிக்கொள்ளும். வோல்ற்றளவை எடுத்தால் பாதை நின்றுவிடும். பத்து வருசம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

சரி, தீவில் ஆள் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தீவை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது, மின்னோட்டம் போகும் வாய்க்கால். தீவில் இலத்திரன்கள் கூடியிருந்தால் அவற்றின் மறை ஏற்றம் வாய்க்காலில் வரும் இலத்திரன்களைத் தள்ளிவிடும், மின் ஓடாது. அது 0. தீவு வெறுமையாக இருந்தால் ஓடும். அது 1. வாசிப்பதற்காகத் தீவில் கால் வைக்கவே தேவையில்லை, அதனால் எத்தனை தரம் வாசித்தாலும் எழுதியது கலையாது.

மிதக்கும் வாயில் என்ற எண்ணத்தை 1967இல் பெல் ஆய்வுகூடத்தில் தாவோன் காங், சைமன் சே என்ற இருவர் வெளியிட்டார்கள். அதைக் கடையில் வாங்கும் பொருளாக்கியவர் இன்டெலில் வேலை செய்த டோவ் ஃப்ரோமன். ஆரம்பகாலச் சிப் ஒன்றில் வந்த பழுதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. வேண்டாத இடத்தில் மின்னேற்றம் தேங்குவது பழுது. வேண்டிய இடத்தில் தேங்க வைத்தால் அது நினைவு. 1971இல் வந்த அவருடைய 1702 என்ற சிப் 2,048 பிட் கொண்டது, அதாவது 256 பைட். இன்று யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பொதுவாக 3 பைட் போவதால், கலியாணக் காட்டின் முதல் இரண்டு வரியோடு அது நிரம்பிவிடும்.

அழிப்பதற்குச் சிப்பின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் வைத்தார்கள். அதன் ஊடாகப் புறஊதாக் கதிரை ஏறத்தாழ 20 நிமிடம் பாய்ச்சினால் இலத்திரன்கள் சக்தி பெற்று எல்லாத் தீவிலிருந்தும் ஒன்றாக வெளியேறும். இதுதான் ஈபுரொம். பழைய மதர்போர்ட்களில் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டிய சிப் ஒன்று இருக்கும். அந்த ஸ்டிக்கர் பெயருக்காக மட்டும் ஒட்டியதல்ல, ஜன்னலை மறைக்கவும்தான்.

ஈஈபுரொம் வந்தபோது ஒக்சைட்டை இன்னும் மெல்லியதாக்கி, ஒளி இல்லாமல் மின்னாலேயே இலத்திரனை ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாக அழிக்கும் வசதிக்கு இடமும் காசும் நிறையப் போனது. தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோக்கா அந்த வசதியை விட்டுக்கொடுத்தார்: ஒரு பெரிய பகுதியை ஒரே அடியில் அழிக்கலாம், ஆனால் மலிவு. 1984இல் உலகுக்கு அறிவித்தார். கமரா ஃபிளாஷ் அடித்த மாதிரி ஒரு நொடியில் அழிகிறது என்று கூட வேலை செய்த ஒருவர் சொன்னதால் ஃபிளாஷ் என்ற பெயர் நின்றது. இன்று பென்ட்ரைவ், மெமரி கார்ட், போன் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று மசுவோக்கா 2004இல் கம்பனி மேல் வழக்குப் போட்டு, 2006இல் 8 கோடி 70 இலட்சம் யென்னுக்கு இணங்கினார். உலகத்தின் பாதிப் போட்டோக்கள் அவருடைய தீவுகளில் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தத் தொகை குறைவு.

ஒரு சின்னக் குறிப்பு. பாதை ஒவ்வொரு தரமும் துறையில் இடித்து இடித்துக் கரை தேய்வது போல, ஒவ்வொரு எழுத்தும் அழிப்பும் ஒக்சைட்டைக் கொஞ்சம் கெடுக்கும். மாணவர்கள் விளையாடும் ஆடினோ என்ற சிறு கணினிப் பலகையின் ஃபிளாஷ் 10,000 தரமும், அதிலுள்ள ஈஈபுரொம் ஒரு இலட்சம் தரமும் எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளரே குறித்திருக்கிறார். அதனால்தான் பழைய மெமரி கார்ட் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடுகிறது.

இதுவரை: மெமரி சிப்பில் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு தீவு. அதில் இலத்திரன் இருக்கிறதா இல்லையா என்பதே பதிவு. அதை மாற்றலாம்.

இனி வாவிக்குத் தூண்டில்

டி.என்.ஏ. என்பது நம் உடம்புக் கலங்களுக்குள் இருக்கும் நீண்ட இரட்டை நூல். நான்கு இரசாயன எழுத்துகள் அதில் வரிசையாக வரும்: ஏ, ரீ, ஜீ, சீ. ஒரு நூலின் ஏக்கு எதிரே மற்ற நூலில் ரீதான் நிற்கும், ஜீக்கு எதிரே சீதான். 1953இல் தெளிவான இந்தச் சோடிச் சட்டம் ஒன்றே போதும், டி.என்.ஏ. சிப் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

இரட்டை நூலைச் சூடாக்கினால் இரண்டாகப் பிரியும். ஆற விட்டால் தன் சோடியைத் தேடிப்போய் ஒட்டும். இப்போது ஏறத்தாழ 25 எழுத்து நீளமான ஒற்றை நூல் ஒன்றைக் கண்ணாடியில் நட்டு வைக்கிறோம். இதற்குப் பெயர் புரோப். நான் தூண்டில் என்றே சொல்கிறேன், இரைக்கு ஏற்ற மீன்தானே அகப்படும். கண்ணாடியின் ஒவ்வொரு முகவரியிலும் வேறு வேறு தூண்டில், ஒவ்வொரு முகவரியிலும் அதே தூண்டிலின் எண்ணற்ற பிரதிகள். மாமியின் துப்பலில் இருந்து எடுத்த டி.என்.ஏ.யைப் பெருக்கி, துண்டாக்கி, ஒளிரும் சாயம் சேர்த்து, கண்ணாடியின் மேல் பாய விடுவார்கள். பொருந்தியது ஒட்டும், பொருந்தாததைக் கழுவி விடுவார்கள். பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சி எந்தெந்த முகவரி ஒளிர்கிறது என்று கமரா பார்க்கும். முகவரி தெரிந்தால் தூண்டில் தெரியும், தூண்டில் தெரிந்தால் அகப்பட்ட எழுத்து வரிசையும் தெரியும்.

ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால்? அரிவாள் கல நோயை எடுங்கள். குருதியின் ஹீமோகுளோபினைச் செய்யும் ஜீனில் ஓர் இடத்தில் ஏ இருக்க வேண்டியது ரீ ஆகிவிட்டால் போதும், அந்த மாற்றம் வந்துவிடும். சிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண்டில்கள் இருக்கும், அந்த ஒரு எழுத்தில் மட்டும் வித்தியாசமானவை. முதலாவது மட்டும் ஒளிர்ந்தால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் வழக்கமான எழுத்து. இரண்டாவது மட்டும் ஒளிர்ந்தால் இரண்டிலும் மாறிய எழுத்து. இரண்டும் ஒளிர்ந்தால் ஒன்றில் அது, ஒன்றில் இது. ஆளுக்கு ஆள் இப்படி ஓர் எழுத்து வேறுபடும் இடத்துக்கு ஸ்னிப் என்று பெயர்.

நாலு நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட்

ஒரு சிறு கண்ணாடியில் இலட்சக்கணக்கான தூண்டில்களை எப்படி நடுவது? கையால் நட முடியாது. இங்கேதான் மெமரி சிப் செய்கிறவர்களின் வித்தை கடன் வாங்கப்பட்டது.

டீசேர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கும் கடையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும். டி.என்.ஏ. சிப்பில் மைக்குப் பதிலாக ஒளி. கண்ணாடி முழுவதும் ஒரு காப்புப் பூச்சு இருக்கும். ஓட்டைகள் உள்ள மறைப்பு ஒன்றின் ஊடாக ஒளி பட்ட இடங்களில் மட்டும் காப்புக் கழரும். அப்போது, சொல்லப்போனால், ஏ எழுத்தை மேலே ஊற்றினால் கழன்ற இடங்களில் மட்டும் அது ஒட்டும். ஒட்டிய ஏயின் தலையிலும் காப்பு உண்டு. அடுத்து வேறு மறைப்பு, ரீ. பிறகு ஜீ, பிறகு சீ. நாலும் முடிந்தால் எல்லா இடத்திலும் ஓர் எழுத்து வளர்ந்துவிடும். 25 எழுத்து வேண்டுமானால் கூடினது 100 சுற்று. கண்ணாடியில் நூறு தூண்டில் இருந்தாலும் பத்து இலட்சம் இருந்தாலும் அதே 100 சுற்றுத்தான். இந்த முறையின் அழகே அதில் இருக்கிறது.

ஸ்டீஃபன் ஃபோடரும் கூட்டாளிகளும் 1991இல் இதை வெளியிட்டபோது, பத்தே படியில் 1,024 வேறு வேறு பெப்டைட்டுகளை (புரதம் போன்ற சிறு சங்கிலிகளை) கண்ணாடியில் வளர்த்துக் காட்டினார்கள். என் மாணவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரும்: இரண்டின் பத்தாம் அடுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒளி பட்டது, படாதது என்று இரண்டு வழி, பத்துப் படிக்கு 1,024. அந்தக் கூட்டத்தில் இருந்து கிளைத்த அஃபிமெற்றிக்ஸ் கம்பனியின் சிப்புகள்தான் ஜீன் சிப் என்ற பெயரைப் பரப்பின. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வின் சதர்னும் கண்ணாடியில் தூண்டில் நடும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். இரண்டு தரப்பும் நீதிமன்றம் வரை போய்த்தான் ஓய்ந்தன.

மறைப்புத் தகடுகள் செய்வது செலவு. பிறகு ஒரு கூட்டம் அவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, புரொஜெக்டருக்குள் இருக்கும் நுண் கண்ணாடிச் சிப்பைக் கொண்டு கம்பியூட்டர் சொன்ன இடத்தில் மட்டும் ஒளியை விழ வைத்தது. கண்ணாடியில் நடாமல் மிகச் சிறு மணிகளில் தூண்டிலைக் கட்டும் முறையும் இப்போது பரவலாக உண்டு. அந்த விபரங்களுக்குள் போனால் பொழுது விடிந்துவிடும்.

இதுவரை: டி.என்.ஏ. சிப்பில் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு தூண்டில். செய்யும்போதே நட்டது, பிறகு மாற்ற முடியாது. உங்கள் டி.என்.ஏ. அதில் சேமிக்கப்படுவதில்லை, வந்து பட்டுவிட்டுப் போகிறது.

போடாத தூண்டிலில் மீன் ஏறாது

அதிகம் பேர் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில். மனிதருடைய டி.என்.ஏ. ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. துப்பல் வாங்கும் கம்பனிகளின் சிப்புகள் பொதுவாகப் பார்ப்பது 6, 7 இலட்சம் இடங்களை. நாலாயிரம் எழுத்துக்கு மேல் கடந்துபோனால்தான் ஒரு தூண்டில். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று சிப்புக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் அதனிடம் கேட்கச் சொல்லவில்லை.

இது வெறும் கணக்கு அல்ல. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிராகா ஜீன்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டிருக்கின்றன. 2018இல் அமெரிக்காவில் வீட்டிலிருந்தே செய்ய அனுமதி பெற்ற சோதனை அவற்றில் மூன்றை மட்டும் பார்த்தது. அந்த மூன்றும் அதிகம் காணப்படுவது கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம். மட்டக்களப்பில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால், அவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே சொல்லப்படவில்லை என்றுதான் அர்த்தம். எதிர்ப்பக்கமும் உண்டு: மிக அரிதான மாற்றம் ஒன்று ‘இருக்கிறது’ என்று சிப் சொன்னால், அது பிழையான ஒளியாகவும் இருக்கலாம். வேறு முறையில் உறுதிப்படுத்தாமல் வைத்தியம் தொடங்கக் கூடாது.

சிப் உதவாது என்று சொல்ல வரவில்லை. வளர்ச்சி பிந்திய குழந்தைகளில், டி.என்.ஏ. சுருண்டு கிடக்கும் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்று தேட வைத்தியர்கள் சிப்பைத்தான் நீண்டகாலம் முதல் சோதனையாக வைத்திருந்தார்கள். நெல் வர்க்கங்களைக் கலப்பவர்களுக்கும் நல்ல உதவி. வெள்ளத்தில் இரண்டு கிழமை மூழ்கியிருந்தாலும் பயிரைத் தாங்க வைக்கும் சப்1ஏ என்ற ஜீன் நாற்றில் இருக்கிறதா என்று, வெள்ளம் வரும் வரை காத்திராமல் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாரியில் வேளாண்மை தண்ணிக்குள் கிடப்பதைப் பார்த்த அம்பாறைக்காரருக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஆனால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் மாதிரி நமக்குக் கிட்டின விஷயத்துக்குக் கனடாச் சிப் தேவையில்லை. சொந்தத்துக்குள் மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கும் ஊரில், மாப்பிள்ளை பெண் இருவரும் அந்த ஜீனைக் காவுபவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். காவுபவரைக் கண்டுபிடிக்கும் முதற்படி ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

“நம்மட குடி அதில வருமா?”

இது பையனின் உம்மம்மா கேட்டுவிட்ட கேள்வி. நம் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி, அதாவது வம்சப் பிரிவு, தாய்வழியாக வருகிறது. டி.என்.ஏ.யிலும் தாயிடமிருந்து மட்டும் வரும் ஒரு துண்டு உண்டு: இழைமணி டி.என்.ஏ., 16,569 எழுத்து. உம்மம்மாவின் தாய்வழி பையன் வரை அதில் மாறாமல் வந்திருக்கும். சிப் அதில் சில இடங்களைப் பார்த்து ஒரு தாய்வழிக் கூட்டத்தின் பெயரைச் சொல்லும்.

அந்தக் கூட்டங்கள் பல்லாயிரம் வருசப் பழசு. குடி அப்படி அல்ல, அது ஆட்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஒரே குடியில் வேறு வேறு தாய்வழிக் கூட்டங்கள் இருக்கலாம், வேறு குடிகளில் ஒரே கூட்டம் இருக்கலாம். குடியின் பெயருக்குத் தூண்டில் செய்ய ஏலாது உம்மம்மா, அதுக்கு நீங்கதான் ரிப்போர்ட்.

அரைப் புள்ளி

இனிப் பையனின் விடைக்கு வருவோம். டி.என்.ஏ. சிப்பில் செய்யும்போதே எழுதியது மாறாது, முகவரி போட்டு வாசிக்கலாம். அந்த அளவில் அது ரொம் மாதிரித்தான். ஆனால் அதில் எழுதியிருப்பது மாமியின் விபரம் அல்ல, கேள்விகள். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். விடை வெளியே இருந்து ஒருமுறை வந்து ஒட்டும், கமரா படம் எடுக்கும், கண்ணாடி குப்பைக்குப் போகும்.

விடை தங்குவது எங்கே? கம்பனியின் கம்பியூட்டர்களில், மெமரி சிப்பிலும் டிஸ்க்கிலும். முழு டி.என்.ஏ.யின் ஒரு பிரதியையே, எழுத்துக்கு 2 பிட் என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 750 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம். 2023இல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற பெரிய கம்பனியில் இருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போனபோது போனது கண்ணாடித் துண்டுகள் அல்ல. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துக்கு மனுப்போட்டபோது வாங்க வந்தவர்கள் விலை பேசியதும் அந்தத் தரவுக்குத்தான். உடம்புக்குள் சிப் ஏற்றுகிறார்கள் என்று பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய சிப்பை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கிறார்கள்.

அரைப் புள்ளி கொடுத்தேன். அவனுக்குத் திருப்தி இல்லை. அடுத்த வகுப்புக்குப் பழைய மதர்போர்டில் இருந்து கழற்றிய ஒரு ஈபுரொம்மைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டிக்கரை உரித்து, ஜன்னலுக்குள் தெரிந்த சிறு சதுரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இந்த மாதிரிச் சிப்பை நேர் வெயிலில் ஒரு கிழமை வைத்தாலே அழிந்துவிடும் என்று பழைய இன்டெல் குறிப்பில் எழுதியிருப்பதைச் சொன்னதுதான் தாமதம், வகுப்புக் கூரையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடி. வாசிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, இப்போது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பிரதி எடுத்து வைத்தாயிற்று. மாரி விட்டால் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.